நான்காம் அத்தியாயத்து உதாரணம்

ஜனவரி 9

கோர்ட் ஏறாத வக்கீலுக்கு,

நான் நலம். உங்கள் நலத்தைப் போனில் கேட்டால் 'ம்' என்கிறீர்கள். அதை வைத்து ஒரு முடிவுக்கும் வர முடியவில்லை, அதனால் எழுதுகிறேன். எழுதிக் கேட்டதற்கு எழுதிப் பதில் போடாமல் உங்களால் இருக்க முடியாது.

மாடி அறையில் உங்கள் புத்தகங்களுக்கான அலமாரி முடிந்துவிட்டது. மூன்று சுவரிலும் கூரை வரைக்கும். தச்சர் வார்னிஷ் அடித்துக்கொண்டே, "ஏம்மா, சார் அவ்வளவு புக்கும் படிச்சிட்டாரா?" என்றார். "படிச்சதோட விடல, எழுதியும் இருக்காரு," என்றேன். "அப்ப வீட்டுப் பக்கம் வர்றதுக்கு எங்க நேரம்!" என்று சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன்.

ஜூலையில் பல்கலைக்கழகத்திலிருந்து ஓய்வு, ஆகஸ்டில் வருகிறேன் என்றீர்கள். இதுபோலப் பல ஆகஸ்டுகளைக் கேட்டாயிற்று. உங்கள் அம்மாவைப் பார்த்துக்கொள்ள நான் இங்கே தங்கினேன். பிறகு என் கல்லூரி வேலை. இப்போது அத்தையும் இல்லை, உங்களுக்கும் வேலை இருக்கப்போவதில்லை. இனி யார் மேல் பழி போடுவது? டிக்கெட் எடுத்ததும் தேதியை எழுதுங்கள். அதுவரை நம்புவதாக இல்லை.

இப்படிக்கு,
கணக்கு டீச்சர்


பிப்ரவரி 2

அன்புள்ள கணக்கு டீச்சருக்கு,

உன் கடிதத்துக்குப் பத்தி வாரியாகப் பதில் எழுதுகிறேன். வேறு மாதிரி எழுத எனக்குத் தெரியாது.

முதல் பத்தி: நலம் என்று சொல்ல முடியாததால்தான் 'ம்'.

இரண்டாவது: தச்சருக்கு என் வணக்கம்.

மூன்றாவதுக்கு எழுதி எழுதிக் கிழித்தேன். எனக்கு ரத்தத்தில் கோளாறு. போன வருடம் வெறும் சோர்வு என்று சொன்னேனே, அது இதுதான். வாரம் ஓர் ஊசி போட்டால் நடமாடலாம். நிறுத்தினால் சில மாதங்களில் படுத்துவிடுவேன் என்கிறார் டாக்டர். அந்த மருந்து நம் பக்கம் இன்னும் வரவில்லை. இங்கே வேலையில் இருப்பவர்களுக்கும் நிரந்தரமாகக் குடியிருப்பவர்களுக்கும் அரசே போடுகிறது. ஜூலையோடு என் வேலை போகிறது. அதற்குள் நான் இந்த நாட்டில் நிரந்தரமாகக் குடியிருப்பவன் என்று காட்டியாக வேண்டும். விண்ணப்பித்திருக்கிறேன்.

உன்னை அழைத்துக்கொள்ள முடியுமா என்றும் பார்த்தேன். வேலையில் இருப்பவனின் மனைவிக்குத்தான் அனுமதி. அதுவும் ஜூலையோடு முடிந்துவிடும்.

ஆகஸ்ட் தள்ளிப்போகிறது. எதுவரை என்று தெரியவில்லை.

அன்புடன்,
கோர்ட் ஏறாதவன்


பிப்ரவரி 24

அன்புள்ள உங்களுக்கு,

கடிதம் வந்த அன்றும் கல்லூரிக்குப் போனேன், பாடம் எடுத்தேன், வந்தேன். என்ன பாடம் என்று கேட்காதீர்கள்.

முதலில் வந்தது கோபம். ஒரு வருடமாக ஊசி போட்டுக்கொண்டு, போனில் என்னிடம் அங்கே மழையா வெயிலா என்று விசாரித்துக்கொண்டிருந்தீர்களே! என் தம்பியிடம் சொன்னேன். "ஏன் மறைச்சீங்கன்னு மாமாகிட்ட கேட்டுப் பாருக்கா. கேக்காத கேள்விக்கு சாட்சி பதில் சொல்லக்கூடாதும்பாரு," என்றான். சிரித்தோம். பிறகு அவன் வாசல் பக்கம் திரும்பிக்கொண்டு மூக்கை உறிஞ்சினான்.

இங்கே டாக்டர்களைப் பார்த்தேன். ஒருவர் மருந்தின் பெயரை எழுதிக் காட்டச் சொன்னார். இன்னொருவர், "அவரை அங்கயே இருக்கச் சொல்லுங்கம்மா," என்றார்.

ஆகவே அங்கேயே இருங்கள். இத்தனை வருடம் சட்டம் சொல்லிக்கொடுத்தவருக்கு ஒரு விண்ணப்பம் பெரிய காரியமா?

இப்படிக்கு,
கணக்கு டீச்சர்


ஏப்ரல் 16

அன்புள்ள கணக்கு டீச்சருக்கு,

நிராகரித்துவிட்டார்கள். காரணத்தைக் கேட்டால் சிரிப்பாய். என் துறையில் சிரித்துவிட்டு மன்னிப்புக் கேட்டார்கள்.

எல்லாம் என் பாடப் புத்தகத்தின் நான்காம் அத்தியாயம். ஒருவனுடைய நிரந்தர வீடு எது என்பதை அவன் எங்கே வாழ்கிறான் என்பதை வைத்து மட்டும் சொல்லிவிட முடியாது, எங்கே திரும்ப நினைக்கிறான் என்றும் பார்க்க வேண்டும் என்று விளக்கும் இடம். உதாரணத்துக்கு என்னையே போட்டேன்: 'இந்நூலாசிரியர் எத்தனை காலம் இங்கே வாழ்ந்தாலும் இந்நாட்டில் நிரந்தரமாகக் குடியிருப்பவர் ஆகமாட்டார். ஓய்வு பெற்றதும் திரும்பிவிடுவதே அவர் எண்ணம். அவர் மனைவி அங்கே அவருக்கென ஓர் அறை வைத்திருக்கிறார்.' ஒவ்வொரு பதிப்பிலும் மற்றதையெல்லாம் திருத்தினேன். இதில் கை வைக்க மனம் வந்ததில்லை. தேர்விலும் கேட்டிருக்கிறேன். விண்ணப்பத்தைப் பார்த்த அதிகாரி அந்தத் தேர்வை எழுதியவன். "நீங்க சொல்லிக்கொடுத்ததுதான் சார்," என்றான். அவன் உத்தரவில் ஒரு குறையும் இல்லை. நானாக இருந்தால் முழு மதிப்பெண் போட்டிருப்பேன்.

மேல்முறையீட்டுக்கு என் வக்கீல் ஒரே ஒரு வழி சொல்கிறார். திரும்பும் எண்ணம் எனக்கு எப்போதோ போய்விட்டது என்று நீ சத்தியம் செய்து வாக்குமூலம் தர வேண்டும். மூன்றே வாக்கியங்கள்: அங்கே எனக்கென்று அறை இல்லை. நாம் கணவன் மனைவியாக வாழ்வதை விட்டு வெகுகாலம் ஆயிற்று. நான் திரும்பி வருவேன் என்று நீ எதிர்பார்க்கவில்லை. வேறொருவர் எழுதுவதைப் பொறுக்க முடியாமல் வாசகத்தை நானே எழுதி இணைத்திருக்கிறேன்.

போடு என்று சொல்ல வாய் வரவில்லை. போடாதே என்று சொல்லத் தைரியம் இல்லை.

அன்புடன்,
கோர்ட் ஏறாதவன்


மே 7

அன்புள்ள உங்களுக்கு,

வாக்குமூலம் இத்துடன்.

பொய்ச் சத்தியம் எனக்கு வராது. அதனால் முதலில் அறையைக் காலி செய்தேன். தச்சரைக் கூப்பிட்டு அலமாரியைக் கழற்றச் சொன்னேன். "என்னம்மா இது, பொங்கலுக்கு முன்னாடிதானே கடைசிக் கைப்பிடிய மாட்டிட்டுப் போனேன்?" என்றார். "சார் வரல," என்றேன். கழற்றிய ஆணிகளை எண்ணி என் கையில் கொடுத்தார். பலகைகளைக் கல்லூரி நூலகத்துக்குக் கொடுத்துவிட்டேன். எங்கள் கல்லூரிக்குப் புதிதாக வந்த வேதியியல் டீச்சர் அந்த அறையில் குடியிருக்கிறாள். ஆக, முதல் வாக்கியம் உண்மை.

நோட்டரி படித்துவிட்டு, "ஒண்ணா வாழலன்னு போட்டிருக்கே, நெஜந்தானாம்மா?" என்றார். "கல்யாண ஆல்பத்துல ஒண்ணாத்தான் இருக்கோம்," என்றேன். அவருக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. இரண்டாவதும் உண்மைதான்.

மூன்றாவதில்தான் பேனா நின்றுவிட்டது. எதிர்பார்க்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள். அதையும் உண்மையாக்கிவிட்டுத்தான் கையெழுத்துப் போட வேண்டும் என்று உட்கார்ந்திருந்தேன். நேரம் பிடித்தது. நோட்டரி பாவம், அடுத்து வந்தவர்களை வெளியே நிற்கச் சொன்னார். பிறகு போட்டேன்.

நீங்கள் ஜெயிப்பீர்கள். ஜெயித்து, உடம்பும் கொஞ்சம் தேறியதும், ஒரு நடை வந்து பார்த்துவிட்டுப் போகலாம் என்று தோன்றும். உங்கள் மாணவன் சும்மா விடமாட்டான். வராதீர்கள். எழுதவும் வேண்டாம். நாம் எழுதினால் உண்மையைத்தான் எழுதுவோம், அது யார் கையிலாவது கிடைத்துவிடும். இதையும் படித்ததும் கிழித்துவிடுங்கள். உங்களுடையவற்றை நான் கிழித்தாயிற்று.

இப்படிக்கு,
கணக்கு டீச்சர்