உன் முறை நாளில் பற்றவைக்காத அடுப்பு

அக்கா,

கடப்பாக்கத்து மீன்காரர் இன்று காலை நம் வாசலில் மொபெட்டை நிறுத்தினார். பெட்டியைத் திறந்ததும் நெத்திலி வாசம். நாலு மாசமாக நான் மீன் வாங்கவில்லை. ஒரு கூறு எனக்கு அதிகம், பாதி போதும் என்றேன். பாதியைப் பிரித்துக்கொண்டே, "பெரியக்கா இன்னும் ஆஸ்பத்திரியிலயா கீது?" என்று கேட்டார். அவருக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. நீ போய்ச் சேர்ந்ததைச் சொன்னேன். மீதிப் பாதியையும் என் கிண்ணத்தில் போட்டுவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மீனை ஆய்ந்து வைத்துவிட்டு இதை எழுதுகிறேன்.

நீயும் நானும் அண்ணன் தம்பியைக் கட்டிக்கொண்டு இந்தப் படாளத்து வீட்டுக்கு வந்தவர்கள். அவர்கள் இருந்தவரை இங்கே இரண்டு அடுப்பு. இரண்டு பேரும் போன பிறகு, நீதான் உன் அடுப்பைத் தூக்கிப் பரணில் போட்டாய். ஒரு நாள் நீ, ஒரு நாள் நான் என்று முறை வைத்தாய். ஒருத்தி நாளில் மற்றவள் உப்பு டப்பாவைக்கூடத் தொடக்கூடாது. உன் குழம்பில் புளி தூக்கல் என்று நான் முகம் சுளித்தால், "துன்றியா, எடுத்து வெச்சிடட்டா?" என்பாய். தின்பேன். மறுநாள் என் ரசத்தைக் கரண்டியால் தூக்கி ஊற்றிப் பார்த்து, இது குளிக்கவா குடிக்கவா என்று விசாரிப்பாய்.

காய்ச்சலில் படுத்தபோதும் நீ விட்டுக்கொடுக்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து கஞ்சி வைத்தாய். அம்மா வீட்டுக்குப் போனால், உன் நாளுக்கு உள்ளதைப் புளிச்சோறாகக் கிளறி வைத்துவிட்டுத்தான் பஸ் ஏறுவாய். பன்னிரண்டு வருஷத்தில் உன் நாளில் நான் அடுப்பு பற்றவைத்ததே இல்லை. நீ ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நானும் உன் கட்டிலடியில்தான், சாப்பாடு கேன்டீனில்.

நீ போனதும் பதினாறு நாளும் சொந்தக்காரர்கள் சமைத்தார்கள். அவர்கள் கிளம்பிய மறுநாள் நான் சமைத்தேன். அதற்கடுத்த நாள் சமைக்கவில்லை. கடை டீயும் பன்னும் போதும் என்று இருந்தது. அப்படியே ஆகிவிட்டது. ஒரு நாள் சோறு, ஒரு நாள் டீ. ஒரு உயிருக்கு என்ன சமைப்பது என்ற அலுப்பு என்றுதான் நினைத்தேன். அரை ஆழாக்கு அரிசி நம் பானையில் அடியைக்கூட மூடாது. கொஞ்சம் அசந்தால் அடிப்பிடித்துவிடும்.

போன மாசம் சர்க்கரை மாத்திரையை வெறும் வயிற்றில் போட்டுக்கொண்டு ரேஷன் கடைக்குப் போனேன். வரிசையிலேயே விழுந்துவிட்டேன். மறைமலை நகரிலிருந்து என் மகன் ஓடி வந்தான்.

"நேத்து இன்னா துன்னே?" என்றான்.

"நேத்து பெரிம்மா மொறைடா."

வாயிலிருந்து வந்த பிறகுதான் எனக்கே தெரிந்தது. அவன் தலையைக் குனிந்துகொண்டான். பிறகு, இந்த ஒரு மாசம் பார்ப்பேன், தினமும் நீ சாப்பிடவில்லையென்றால் வீட்டைப் பூட்டிவிட்டுக் கூட்டிப்போய்விடுவேன் என்றான். செய்யக்கூடியவன்தான். அங்கே எனக்கென்று ஒரு அறை உண்டு. மருமகளும் நல்லவள். ஆனால் அந்த வீட்டுச் சமையலறையில் எனக்கு முறை வராது.

அன்றைக்கு உன் நாள் இல்லை, தப்பித்தேன். மறுநாள் அடுப்புக்கு முன்னால் ரொம்ப நேரம் நின்றேன். பற்றவைக்காமல் இருந்தவரை, நீ எங்கேயோ போயிருக்கிறாய், வந்து வைப்பாய் என்று எனக்குள் ஏதோ காத்துக்கொண்டிருந்திருக்கிறது. பற்றவைத்தால் அது முடிந்துபோகும். பற்றவைத்தேன். டீ போடும் சின்னப் பாத்திரத்தில் அரை ஆழாக்கு வடித்தேன். ஒரு கத்தரிக்காய், ஒரு தக்காளி. உப்பு கம்மி. அது நன்றாகவும் இல்லை, மோசமாகவும் இல்லை. எல்லாவற்றையும் தின்றுவிட்டு மாத்திரை போட்டுக்கொண்டேன்.

அதன்பிறகு விடவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை மகன் சொல்லாமல் வந்தான். உன் நாள் அது. அவனுக்கும் அது தெரியும், விரல் விட்டு எண்ணிக்கொண்டுதான் வந்திருப்பான். நேராக உள்ளே போய் மூடியைத் திறந்தான். சோறு ஆவி விட்டுக்கொண்டிருந்தது. தட்டை எடுத்துப் போட்டுக்கொண்டான். எனக்கென்று வைத்த ஒரு ஆள் சோறு முழுவதையும் சாப்பிட்டான். தட்டைக் கழுவிக் கவிழ்த்தான். பூட்டைப் பற்றி வாய் திறக்கவில்லை. "வரேம்மா" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தான்.

அவன் தெருமுனை திரும்பியதும் நான் உள்ளே வந்து, இன்னொரு அரை ஆழாக்கு அரிசியைக் களைந்து உலையில் போட்டேன். ஒரே நாளில் இரண்டு தடவை சமைத்தேன் அக்கா. முதலில் வைத்தது உன் முறைக்கு. அடுத்தது எனக்கு.