ஒரு கை உனக்கு, இரண்டு கை பொலிஸுக்கு

அன்பு மகள் அம்னாவுக்கு உம்மா எழுதிக்கொள்வது, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே எல்லோரும் நலம், கடையின் பழைய கமராவைத் தவிர. கட்டார் வெயிலில் நீயும் நலமாக இருக்க வேண்டுமென்று ஒவ்வொரு தொழுகையிலும் கேட்கிறேன். போன மாதம் உன் போனில் கடை கறுப்பாகத் தெரிந்ததென்று பதறி, வாப்பாவுக்குச் சுகமில்லையா, கடையை மூடிவிட்டீர்களா என்று கேட்டாய். கமராவுக்குக் கொஞ்சம் லீவு என்று சொல்லி உன் வாப்பா போனை வைத்துவிட்டார். அவர் சொல்லாததை நான் எழுதுகிறேன். போனில் சொல்ல வழியில்லை, ஸ்பீக்கரில் போடு என்பார், பக்கத்துக் கடைக்காரர்கள் எல்லோரும் உனக்குச் சலாம் சொல்ல வந்துவிடுவார்கள். இன்னொன்றும் இருக்கிறது. நீ போகுமுன் அந்தக் கமராவைக் கடைச் சுவரில் பூட்டிவிட்டு, அங்கிருந்து உங்களைப் பார்த்துக்கொண்டே இருப்பேன் என்று சொன்னாயே, அன்றிலிருந்து நான் தினமும் கடைப் பின்னறையில் அஸர் தொழுதுவிட்டு வந்து, யாரும் கவனிக்காத நேரமாய்ப் பார்த்துக் கமராவுக்கு ஒரு கை தூக்குவேன். உனக்கு அது மதியச் சாப்பாட்டு நேரம். நீ அதைப் பார்க்கிறாயா என்று இதுவரை கேட்டதில்லை. இல்லையென்று சொல்லிவிடுவாயோ என்ற பயம்தான்.

சரி, கமராவின் கதைக்கு வருகிறேன். நம் கடைத்தெருவில் ஒரு நோட்டீஸ் ஒட்டினார்கள். கடைகளின் கமராக்களில் தெரிவதைப் பொலிஸாரும் தங்கள் திரையில் பார்க்கப்போகிறார்களாம், கள்ளர்களைப் பிடிக்க வசதியாக. இது மேலே சிங்களத்தில் ஒழுங்காக எழுதியிருந்தது. கீழே தமிழில், யார் மொழிபெயர்த்தார்களோ, கமராக்களைப் பிரித்துப் பொலிஸாருக்குத் தரவும் என்று போட்டிருந்தது. உன் வாப்பா சிங்களம் தண்ணீராய் வாசிப்பார். ஆனால் நமக்கென்று தமிழிலும் போட்டிருக்கிறார்களே, அதை வாசிக்காவிட்டால் மரியாதையில்லை என்று தமிழை மட்டும் வாசித்தார். வாசித்துவிட்டு ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார். பகிர்வதைத்தான் யாரோ பிரிப்பது என்று எழுதிவிட்டார்கள், கழற்றச் சொல்லவில்லை என்று நான் சொன்னேன். கதைப் புத்தகம் வாசிச்சு வாசிச்சு நீ எல்லாத்துலயும் ரெண்டு அர்த்தம் பாக்குற மஸீனா, இது கவர்ன்மென்ட் நோட்டீஸ், இதுல ஒரு அர்த்தந்தான் ஈக்கும் என்றார். நீ பூட்டிய கமராவை அக்கக்காய்க் கழற்றி, ஆணிகளைத் தனியாக முடிந்து, சிலிசிலிப் பொலித்தீன் பையில் போட்டு எடுத்துக்கொண்டு பொலிஸ் நிலையத்துக்குப் போனார். அங்கே போனால் தமிழ் வாசிக்கத் தெரிந்த கடைக்காரர்கள் எல்லோரும் ஆளுக்கொரு பையோடு வரிசையில் நிற்கிறார்களாம். சிங்களக் கடைக்காரர்கள் தங்கள் கடைகளில் நிம்மதியாய்த் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். மரக்கறிக் கடைக் காளிமுத்து அண்ணன் கமரா என்று மாட்டியிருந்தது வெறும் கூடு என்பது அன்றைக்குத்தான் வெளியே வந்தது. இதுக்குள்ள இருந்ததெல்லாம் எங்கே என்று சார்ஜன்ட் அதட்ட, உள்ள எதுவுமே இல்லீங்க மாத்தயா, சும்மா பயங்காட்டத்தான் மாட்டி வச்சேன், நீங்களே பயந்துட்டீங்க பாருங்க என்றாராம். சிரித்துச் சிரித்து சார்ஜன்டுக்கு இருமல் வந்துவிட்டதாம்.

கொண்டுபோனதை எல்லோரும் திரும்பக் கொண்டுவந்தார்கள். உன் வாப்பா இரவுச் சாப்பாட்டையும் மறந்து அதைப் பூட்டினார். பூட்டி முடிந்ததும் ஒரு ஸ்ப்ரிங் மிஞ்சியது. அது தேவையில்லாத ஸ்ப்ரிங் என்றார். கமராவுக்கு அந்த எண்ணம் இல்லை. கடைசியில் புதிதாக ஒன்று வாங்கினோம், இது போனிலிருந்தே கழுத்தைத் திருப்பக்கூடியது. உன் தங்கை ஸனாதான் உன் போனுக்கும் பொலிஸுக்கும் அதை இணைத்துவிட்டாள். (அவள் சோதனைக்குப் படிக்கிறாள், நீ ஒரு தரம் அதட்டினால் இன்னும் படிப்பாள்.) பொலிஸார் பார்க்கிறார்கள் என்றதும் உன் வாப்பா சீப்பைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டார். நான்தான் எதையும் மாற்றவில்லை. வழக்கம்போல அஸருக்குப் பிறகு கையைத் தூக்கிக்கொண்டிருந்தேன்.

நாலைந்து நாளில் அதே சார்ஜன்ட் கடைக்குள் வந்தார், கடை நிறைய ஆட்கள் இருக்கும்போது. தொங்கும் அபாயாக்கள் மறைப்பதால் அவர்களுடைய திரையில் என் முகம் தெரியவில்லையாம், துணிகளுக்கு மேலே ஒரு கை மட்டும் தினமும் எழும்பி இறங்குகிறதாம். நோனாட கைதானே அது, கள்ளன் புடிச்சி வச்சிருக்கிறதா, இல்லாட்டி வீட்டு மாத்தயா அடிக்கிறதா, பயமில்லாம செல்லுங்க என்று என்னிடம் கேட்டுவிட்டு, எனக்கு முன்னாலேயே உன் வாப்பாவை ஏற இறங்கப் பார்த்தார். நான் அவக்கு அடிக்கிறதா, அவ வாசிச்சிட்டு ஈக்கிற நேரம் தேத்தண்ணி கேக்கவே எனக்குப் பயம் சேர் என்று உன் வாப்பா கிட்டத்தட்ட அழுதார். மகளே, என்னைப் பற்றி உனக்குத் தெரியும், என் மனதில் உள்ளதை உன் வாப்பாவிடமே அளந்துதான் சொல்வேன். அத்தனை பேருக்கு முன்னால், கட்டாரில் இருக்கிற மகளுக்குத்தான் கை காட்டுகிறேன் என்று சொல்லவேண்டி வந்தது. உன் வாப்பா ஏற்கெனவே மடித்திருந்த ஒரு துணியை விரித்து மறுபடி மடித்தார். சார்ஜன்ட் தொப்பியைக் கழற்றி, தன் மகன் கொரியாவில் இருக்கிறான், இந்தக் கமரா என்ன விலை என்று கேட்டார். போகும்போது ஒரு சட்டமும் போட்டார்: ஒரு கை எண்டா மகளுக்கு, அது பரவால்ல, ரெண்டு கையும் தூக்கினா ஜீப் அனுப்புவோம்.

அடுத்த நாள் லுஹர் தொழுகைக்குப் பிறகு உன் வாப்பா சோம்பல் முறித்தார். ஜீப் வந்தது.

அதற்குப் பிறகு அவர் கொட்டாவிகூடக் கைகட்டித்தான் விடுகிறார். ஆனால் அபாயாக்களை எல்லாம் ஒரு பக்கமாகத் தள்ளித் தொங்கவிட்டிருக்கிறார், ஏனென்று என்னிடம் சொல்லவில்லை. அஸர் நேரம் வந்தால் சாமான் வாங்க வந்தவர்களை, கொஞ்சம் இந்தப் பக்கம் வாங்க, அங்க நிண்டா மறைக்கும் என்கிறார்.

நஸீப் மச்சானின் மகன் கட்டாருக்குத் திரும்புவதால் இதையும் மாசிச் சம்பல் போத்தலையும் அவரிடம் கொடுத்தனுப்புகிறேன். ஏசியை நேரே தலைக்குப் படும்படி வைத்துக்கொண்டு தூங்காதே. தலையில் எண்ணெய் வை. சம்பலை அறையில் உள்ள பிள்ளைகளுக்கும் கொடு, ஆனால் போத்தலோடு கொடுத்துவிடாதே. அல்லாஹ் உன்னை எல்லாத் தீங்கிலிருந்தும் காப்பாற்றி, முகம் மலர வைத்திருப்பானாக.

ஒன்றை மட்டும் மறக்காதே. இது கிடைத்த அடுத்த நாள் அஸருக்குப் பிறகு நான் கை தூக்குவேன். இதற்குப் பதில் எழுத வேண்டாம், போனிலும் சொல்ல வேண்டாம், உன் வாப்பா ஸ்பீக்கரில் போட்டுவிடுவார். பொலிஸார் இந்தக் கமராவை இடமும் வலமுமாகத்தான் திருப்புகிறார்கள், நான் கவனித்துவிட்டேன். நீ அதை ஒரு தரம் மேலும் கீழுமாக ஆட்டு. எனக்கு விளங்கிவிடும்.

துஆக்களுடன்,
உன் உம்மா மஸீனா