நோயாளி நான்தான்

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சுகமாக இருக்கவேண்டும் என்பதுதான் எப்போதும் என் நினைப்பு. இங்கேயும் எல்லாரும் சுகம் என்று வழக்கம்போல எழுதிவிடத்தான் பார்த்தேன், கை வரவில்லை. போனில் சொல்லலாம் என்றால் பக்கத்திலேயே உன் அண்ணன் இருக்கிறான், அதனால்தான் கடிதம். பதறாதே, உட்கார்ந்து நிதானமாகப் படி.

இரண்டு போகமும் வெங்காயம் மழையில் அழுகிப்போனதைச் சொன்னேன் இல்லையா, அதற்குப் பிறகு அண்ணன் அண்ணனாக இல்லை. மோட்டார் சத்தம் கொஞ்சம் மாறினாலே தட்டை வைத்துவிட்டு ஓடுகிறவன், ஒருநாள் தண்ணீர் வரப்பை உடைத்துக்கொண்டு பக்கத்துக் காட்டுக்குள் பாய்வதைப் பார்த்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தான். உன் அப்பாதான் போய் மோட்டாரை நிறுத்தினார். ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை, அப்பனும் பிள்ளையும் ஒரே அச்சு. "வேலையில இறங்கினா தானா சரியாயிடும்" என்று என்னிடம் மட்டும் சொன்னார், சொல்லிவிட்டு அவரும் சாப்பிடாமல் எழுந்துபோனார். அண்ணி என்னைத் தனியே கூப்பிட்டு, "அவர் பேச்சே சரியில்ல அத்தை, எனக்கு பயமா இருக்கு" என்றாள். பயிருக்கு அடிக்கிற மருந்தையெல்லாம் அன்றைக்கே அவள் அம்மா வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பூட்டிவைத்துவிட்டாள், கெட்டிக்காரி.

மனசுக்குப் பார்க்கிற பெரிய டாக்டர் டவுனில்தான் இருக்கிறார், இரண்டு பஸ் மாறவேண்டும், மாடு கட்டியிருக்கிற வீட்டில் அது ஒரு நாள் பிழைப்பைக் கெடுத்துவிடும். நம் ஆஸ்பத்திரிக்கும் ஒரு டாக்டரம்மா ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் புதன்கிழமை வருகிறார். நல்ல காரியம்தான், ஆனால் அவருக்கு எந்த அறையைக் கொடுத்திருக்கிறார்கள் தெரியுமா, மருந்து வாங்குகிற வரிசைக்கு நேர் எதிரே. ஊரே நின்று வேடிக்கை பார்க்கும். போதாக்குறைக்கு அந்த நர்ஸ், "மனசு டாக்டரைப் பாக்க வந்தவங்கல்லாம் இந்த பெஞ்சு" என்று தொண்டை கிழியக் கத்துவாள். அப்புறம் எந்த ஆம்பளை அந்தப் பெஞ்சில் போய் உட்காருவான்? அண்ணனிடம் மெல்லப் பேச்செடுத்தேன், "எனக்கென்ன பைத்தியமா?" என்று எரிந்து விழுந்தான்.

அதனால் நானே நோயாளி ஆனேன். எனக்குத் தூக்கமே வரவில்லை, அந்த டாக்டரம்மாவிடம் கூட்டிக்கொண்டு போடா என்றேன். தனக்கென்றால் வரமாட்டான், அம்மாவுக்கென்றால் மறுபேச்சு கிடையாது, அது உனக்கே தெரியும். நான் போய் அந்தப் பெஞ்சில் நட்டநடுவே உட்கார்ந்தேன். பால் சொசைட்டியில் பால் அளக்கிற அக்கா வரிசையில் நின்றபடி உனக்கா என்று கண்ணாலேயே கேட்டாள், "எனக்குத்தான்" என்று நானும் நர்ஸுக்குக் குறையாத குரலில் சொன்னேன். டாக்டரம்மாவுக்கு உன் வயசுதான் இருக்கும். அண்ணனுடைய தூக்கம், அவன் சாப்பாடு, எதிலும் ஒட்டாத அவன் மனசு, எல்லாவற்றையும் என்னுடையது என்று ஒப்பித்தேன். அவன் பக்கத்தில் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அப்போது அந்தப் பெண், "செத்துப்போயிடலாம்னு தோணுதாம்மா?" என்று கேட்டாள். அதற்கு நான் பதில் தயார் பண்ணி வைத்திருக்கவில்லை. ஆமாம் என்றும் வரவில்லை, இல்லை என்றும் வரவில்லை. தலையை நிமிர்த்தாமல் உன் அண்ணன்தான் சொன்னான், "தோணுது டாக்டர்" என்று. யாருக்கு என்று அந்தப் பெண் கேட்கவில்லை. "அம்மா, நீங்க கொஞ்சம் வெளிய இருங்க" என்றாள். பெஞ்சுக்கு வந்து யார் பார்த்தால் என்ன என்று அழுதேன். பால் அக்கா வந்து ஒட்டி உட்கார்ந்து, "எனக்கும்தான் தூக்கம் போய் வருஷமாச்சு, இவங்ககிட்ட சொல்லலாமா?" என்று காதோடு கேட்டாள்.

மாத்திரை கொடுத்திருக்கிறார்கள், இப்போது கொஞ்சம் சாப்பிடுகிறான். குணமாகிவிட்டது என்று மட்டும் நினைத்துவிடாதே. போன தடவை டாக்டரம்மாவின் ஜீப்பே வரவில்லை, கதவைப் பூட்டுகிறவரை அந்தப் பெஞ்சிலேயே கிடந்தோம். அன்றைக்கு ராத்திரி முழுக்க அவன் கட்டிலுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். மறுநாள் நானும் பால் அக்காவும் ஆஸ்பத்திரிப் பெரியவரிடம் போய்ச் சண்டை பிடித்தோம், டாக்டரம்மா வாராவாரம் வரவேண்டும், பின்பக்கம் சும்மா கிடக்கிற அறையை அவருக்குக் கொடுக்கவேண்டும் என்று. "ஆளே வர்றதில்லையேம்மா" என்றார். கதவை ஊர் கண்ணுக்கு முன்னால் வைத்தால் எப்படி வருவார்கள் என்று கேட்டேன், பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறார். அந்தப் பார்க்கலாமை நம்பி நான் சும்மா இருக்கப் போவதில்லை. நர்ஸாவது இப்போது குரலைக் குறைத்திருக்கிறாள். நேற்று அண்ணன் வண்டியைத் துடைத்துக்கொண்டே, "அம்மா, புதன்கிழமை உன்னை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகணும், ஞாபகம் வச்சுக்கோ" என்றான். நான் கேட்கவில்லை, அவனாகத்தான் சொன்னான்.

குழந்தைக்கு என் முத்தம், மாப்பிள்ளையை நேரத்துக்குச் சாப்பிடச் சொல். மூன்று பேரும் ஒரு குறையும் இல்லாமல் நன்றாக இருங்கள். ஒன்றே ஒன்று மறக்காதே. அண்ணனுக்கு அடிக்கடி போன் பண்ணு, ஆனால் நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்காதே, நல்லா இருக்கேன் என்று சொல்லி வைத்துவிடுவான். அம்மாவுக்கு எப்படி இருக்கிறது என்று கேள். பரவாயில்லை என்றால் அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கு. அம்மாவுக்கு இன்னிக்கு முடியல என்றானானால், கையில் எந்த வேலை இருந்தாலும் போட்டுவிட்டுப் பேசிக்கொண்டே இரு, மாப்பிள்ளையை அவர் போனிலிருந்து அண்ணியைக் கூப்பிடச் சொல், நாங்கள் அவன் பக்கத்தில் வந்து சேருகிறவரை போனை வைத்துவிடாதே.

இப்படிக்கு,
ஊரறிந்த நோயாளி,
உன் அம்மா