கடற்கரைக் கோயிலில் சொல்லக் கூடாத சொல்

மச்சான்,

இன்று காலை கடற்கரைக் கோயில் வாசலில் ஒரு வழிகாட்டிப் பெண், "திஸ் இஸ் நாட் எ மோனோலித்" என்று வெள்ளைக்காரர்களிடம் அழுத்திச் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உன்னிடம் சொல்லத் திரும்பினால், பக்கத்தில் நீ இல்லை.

அந்தச் சொல்லை உன் காதில் ஓதியவன் நான்தானே! எழுபதுகளில், லைசென்ஸ் இல்லாமலே இருவரும் வெளிநாட்டவரை மடக்கி ஊரைச் சுற்றிக் காட்டினோம். போலீஸ்காரர் தலை தெரிந்தால் ஆளுக்கொரு பாறைக்குப் பின்னால் ஓட்டம். ஏதோ ஓர் அகராதியில் பார்த்தேன்: கிரேக்கச் சொல், மோனோ என்றால் ஒன்று, லித்தோஸ் என்றால் கல். அப்புறம் என்ன, ஐந்து ரதமும் மோனோலித், கடற்கரைக் கோயிலும் மோனோலித், விட்டால் கலங்கரை விளக்கமும் மோனோலித்! கேட்டவர்கள் தலையாட்டினார்கள். சரியென்றே நினைத்துக்கொண்டேன், மடையன்.

லைசென்ஸ் பரீட்சைக்குச் செங்கல்பட்டு போனோம். உன் கல்யாணமே அந்த அட்டையை நம்பி இருந்தது. லைசென்ஸ் இல்லாதவனுக்குப் பெண் கிடையாது என்று சதுரங்கப்பட்டினத்து மாமன் ஒரே பிடியாக நின்றார். உன்னை முதலில் கூப்பிட்டார்கள். ஐந்தே நிமிடத்தில் முகம் செத்துப்போய் வெளியே வந்தாய்.

"இன்னாடா ஆச்சு?"

"அந்த வார்த்தைய வெச்சு ஒரு வாக்கியம் சொல்லச் சொன்னாரு. ஷோர் டெம்பிள் இஸ் எ மோனோலித்னேன். அது கல்லு கல்லா அடுக்கிக் கட்னதாம், பெயிலு. நீ ரதத்தைச் சொல்லு மச்சான். கோயில இழுக்காத."

நீ சொன்னபடியே சொன்னேன். தேறிவிட்டேன்.

என் தப்புக்கு நீ அடி வாங்கினாய். ஆறு மாதம் உன் முகத்தை நிமிர்ந்து பார்க்கக் கூசியது. மறுபரீட்சை அன்று நான் வெளியே வெயிலில் நின்று நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தேன். படியிறங்கும்போதே நீ கத்தினாய்: "அஞ்சு ரதமும் மோனோலித்து மச்சான்! கோயிலு இல்ல!" அப்பாடா! அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அப்படியொரு நிம்மதி எனக்கு என் கல்யாணத்தில்கூட வரவில்லை.

உன் கல்யாணப் பந்தியில், அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே சொன்னாய்: "மொத தபா, யாருடா உனக்கு இப்டிச் சொல்லிக் குடுத்தான்னு கேட்டாரு அந்த ஆபீசர். நானாத்தான் சொன்னேன்னுட்டேன். அடுத்து நீதான வெளிய நின்னுகினு இருந்த."

இன்றும் யாரைக் கூட்டிப்போனாலும், அந்தக் கோயிலில் கல்லோடு கல் சேரும் இணைப்பைத்தான் முதலில் காட்டுகிறேன். பெயர் சொல்லாமல், என் கூட்டாளி சொன்னது என்கிறேன்.