அந்த மெட்டு யாருடையது

இன்று காலை கடற்கரைச் சாலைக் காப்பிக் கடையில் உன் மெட்டு ஒலித்தது. விரல்கள் தாமாக மேசையில் தாளம் போட்டன. சட்டென்று கையை இழுத்துக்கொண்டேன். நீ இறந்து ஆறு மாதமாகியும் அந்தப் பழக்கம் போகவில்லை.

நம் அப்பாக்கள் இருவரும் ஒரே மில்லில் வேலை பார்த்தவர்கள். மாதா கோயில் ஆர்கனில் பழகிய நீ, ஓட்டல் பியானோவில் ஜாஸ் வாசித்தாய், நான் டிரம்ஸ். எழுதிவைத்த இசையை விட்டு உன் போக்கில் திரும்புமுன் என்னை ஒருமுறை பார்ப்பாய். அந்தப் பார்வையை நம்பி நானும் திரும்புவேன்.

பிறகு பாரிஸ் போனாய். சில வருடங்களில் உன் முதல் இசைத்தட்டு வந்தது. கேட்டதும் மறுபடி முதலிலிருந்து போட்டேன். வைத்திக்குப்பம் கடற்கரையில் படகில் சாய்ந்துகொண்டு, நீ பக்கத்தில் இருக்க, நான் முனகிய மெட்டு அது. உறையில் உன் பெயர் மட்டும்தான் இருந்தது.

லீவில் நீ வந்தபோது கேட்டேன்: "அது என்னுது மாதிரி இருக்குதே?"

"யாருதா இருந்தா என்னாடா? நாம வாசிச்சதுதானே" என்று சிரித்தாய்.

நீ ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அதன்பின் நீ எது செய்தாலும் எனக்குச் சந்தேகம். கடிகாரம் வாங்கி வந்தாய். என் வாயை அடைக்கவோ என்று நினைத்தேன். ஊருக்கே திரும்பி, காலாப்பட்டில் வீடு எடுத்து, "மறுபடியும் சேந்து வாசிக்கலாம், வாடா" என்றாய். இன்னும் எதை எடுத்துக்கொள்ளப் பார்க்கிறாய் என்று தோன்றியது. நான் வரவில்லை.

நீ நோயில் படுத்திருந்த கதிர்காமம் ஆஸ்பத்திரியிலிருந்து உன் மனைவி போன் செய்தார். "உங்களத்தான் கேட்டுக்கினே இருக்காரு. ஒரு தபா வந்துட்டுப் போங்கண்ணா."

வாசல்வரை வந்தேன். கடைசி நேரத்தில் மன்னிப்புக் கேட்டுத் தப்பித்துக்கொள்வாயோ என்ற எண்ணம் வந்தது. அப்படியே பஸ் ஏறிவிட்டேன். மறுநாள் நீ இல்லை.

போன மாதம் உன் மனைவி நம் பழைய ஒத்திகைக் கேசட் ஒன்றைக் கொடுத்தார். அதில் நீ தனியாக எதையோ வாசித்துப் பார்க்கிறாய். அரைகுறையாக அந்த மெட்டு வருகிறது. கதவு திறக்கும் சத்தம். பிறகு என் குரல்.

"என்னாடா அது, புதுசா? நல்லாருக்கே."

என் குரலையே நம்பாமல் மூன்று முறை கேட்டேன். நீ வாசித்துக் காதில் விழுந்ததைத்தான் பிறகு படகில் சாய்ந்து முனகியிருக்கிறேன். அதை மறந்து, என்னுடையது என்று இத்தனை வருடம் உன்னைத் திருடனாகப் பார்த்திருக்கிறேன்.

அன்றைக்கே நீ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தாலும் நான் நம்பியிருப்பேனா, தெரியவில்லை. ஆஸ்பத்திரியில் என்னை எதற்குக் கேட்டாய் என்று உன் மனைவிக்கும் தெரியவில்லை. படியேறாமல் வாசலில் நின்ற அந்தச் சில நிமிடங்கள்தான் இப்போது என்னோடு இருக்கின்றன.