கழுவாத வாயு

மார்ச் 12, 1959. வியாழன்.

கெமிஸ்ட்ரி பிராக்டிகலில் கோட்டை விட்டுவிட்டேன். இன்னொரு வருஷம் படிக்கவைக்க வீட்டில் முடியாது.

எனக்கு வந்தது அசெட்டிலீன். கார்பைடில் தண்ணீரைச் சொட்டவிட்டு, வரும் வாயுவைப் புரோமின் நீருக்குள் செலுத்த வேண்டும். வாயுவின் முப்பிணைப்பில் புரோமின் போய்ச் சேர்ந்துகொள்ளும். செம்பழுப்பு நிறம் மறையும். என் குழாயில் நொடியில் வெளுத்தது. பெருமையாகத் தூக்கிக் காட்டினேன்.

வெளியூரிலிருந்து வந்திருந்த எக்ஸாமினர் மூக்கைச் சுளித்தார். "என்ன தம்பி இந்த நாத்தம்? வாயுவை காப்பர் சல்பேட்ல கழுவலையா?"

"அசெட்டிலீன் வாசனைதாங்க சார்."

"அது கார்பைடுல இருக்கிற அழுக்கோட நாத்தம். அந்த அழுக்கே புரோமினை வெளுக்கும். அசெட்டிலீன்தான் சேர்ந்துச்சுன்னு எதை வச்சுச் சொல்றீங்க?"

கழுவும் குப்பி மேசையிலேயே இருந்தது. நாற்றம் போகும்வரை கழுவ வேண்டும் என்று மனப்பாடமாகப் படித்தவன்தான். எனக்கு நாற்றமே தெரியவில்லையே! எங்கள் ஊர் கட்டுமாவடியில் அத்தா கடையில் விற்பதே படகு விளக்குக்குப் போடும் கார்பைடுதான். பிறந்ததிலிருந்து அவர் சட்டையில், எங்கள் பாயில், சோற்றில்கூட இந்த வாசனைதான்.

நாளைக்கு அத்தா பஸ் ஏறி வருகிறார். "நல்லாச் செஞ்சியா வாப்பா?" என்று செல்லமாகக் கேட்பார். தோற்றதைச் சொல்லிவிடலாம். எதனால் தோற்றேன் என்று அவர் முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வேன்?

வந்ததும் என் பக்கத்தில்தான் உட்காருவார். இனி அவர் எனக்கு நாறிவிடுவாரோ என்று பயமாக இருக்கிறது.