என்மேல் கை படவில்லை, அப்பா

ஒகோலோபிரி,
நைஜர் கழிமுகம்.

அன்புள்ள அப்பாவுக்கு,

மகள் ஒஜோமா வணக்கத்துடன் எழுதுவது. உங்கள் ரத்த அழுத்தம் குறைந்திருக்கிறதா? அம்மாவின் முழங்கால் வலி தேவலையா? நான் நலம், உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை. அது ஏன் என்று உங்களுக்கே தெரியும்.

சனிக்கிழமை ஆளுநர் தேர்தலில், நான் பாடம் நடத்தும் பள்ளியிலேயே எனக்கு வாக்குச்சாவடிப் பொறுப்பு. மதியம் வரை சிரிப்பும் சச்சரவுமாக நன்றாகத்தான் நடந்தது. பிறகு உங்கள் கட்சிக்காரர்கள் வெட்டுக்கத்தியோடு படகில் வந்து இறங்கினார்கள். அவர்களின் தலைவன் என்னைப் பார்த்துச் சிரித்தான்.

"டீச்சரம்மா, உங்கப்பா போன் பண்ணிச் சொல்லிட்டாரு. பெட்டியைக் குடுத்துட்டு ஓரமா நின்னுக்குங்க. உங்கமேல ஒரு கை படாது."

நான் பெட்டியை விடவில்லை. மீன் விற்கும் எபியாக்போ ஓடிவந்து என்னோடு சேர்ந்து பிடித்துக்கொண்டாள்.

"இது எங்க ஓட்டுடா! உங்கப்பன் பிடிச்ச மீனா, அள்ளிட்டுப் போக?"

அவள் கையை அடித்து உடைத்தார்கள். என்னை மட்டும் மரியாதையாக விலக்கி உட்காரவைத்துவிட்டுப் பெட்டியோடு போனார்கள்.

உங்கள் வேட்பாளர் ஜெயித்துவிட்டாராம். வீட்டில் ஆடு வெட்டியிருப்பீர்கள்.

இங்கே தனியாகச் சாப்பிடப் பிடிக்கவில்லை. உலர்ந்த வெண்டைக்காய்ப் பொடியும் என் பழைய போர்வையும் அம்மாவை அனுப்பச் சொல்லுங்கள். நீங்கள் எதுவும் அனுப்ப வேண்டாம்.

தோற்றவர்கள் வழக்குப் போட்டிருக்கிறார்கள், நான் சாட்சி. போன் செய்தது யார் என்று கேட்பார்கள். உங்கள் பெயரைச் சொல்வேன்.

தபால் படகு கிளம்புகிறது, நிறுத்துகிறேன்.

இன்னமும் உங்கள் மகள்தான்,
ஒஜோமா